சாட்சியத்தின் சாவி யார் கையில்?

வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் பக்கம் நிற்கிற எந்த அமைப்பிடமும் இன்று இரண்டு வகை ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று, பீரோவில் இருக்கும் காகிதம்: முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், ஆட்சியரிடம் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு. மற்றொன்று, எங்கோ ஒரு கிளவுட் நிறுவனத்தின் டிஸ்க்கில் இருக்கும் கோப்பு: உண்மை அறியும் குழு எடுத்த வீடியோ, சாட்சி பேசிய குரல் பதிவு, ஊரைவிட்டுப் போன குடும்பம் இப்போது தங்கியிருக்கும் முகவரி. பீரோவின் சாவி எங்கே என்று கேட்டால் அலுவலகத்தில் யாராவது ஒரு தோழர் உடனே எடுத்துக் கொடுப்பார். டிஸ்க்கின் சாவி எங்கே என்று கேட்டால், "அதையெல்லாம் கம்பெனிக்காரன் பார்த்துக்குவான்" என்பதுதான் பதில்.

இந்தப் பதில் நமக்குப் போதாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். கணினி நிர்வாகம் என் பிழைப்பு. பகலில் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மிச்ச நேரத்தில் சில அமைப்புகளின் ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். கம்பெனிகள் தங்கள் வரவு செலவுக் கணக்குக்குக் கொடுக்கிற பாதுகாப்பில் பாதியைக்கூட நாம் நம் மக்களின் உயிருக்குக் கொடுப்பதில்லை. இதுதான் இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெரிகிற வேறுபாடு.

உயிர் என்று சொல்வது மிகையல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பாதிக்கப்பட்டோர், அவரைச் சார்ந்தோர், சாட்சிகள் ஆகியோரை மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. சாட்சியின் பெயரையும் முகவரியையும் வெளியே தெரியாமல் மறைக்க உத்தரவிடும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஏன் இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டது? சாதி வழக்குகள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் தோற்பதற்கு முன்பே ஊரில் தோற்றுவிடுகின்றன. சாட்சியின் வீட்டு வாசலில் நான்கு பேர் வந்து நின்றால் போதும். மறுவாய்தாவில் அவர் பிறழ்சாட்சி. கோகுல்ராஜ் கொலை வழக்கில் நேரில் பார்த்த சாட்சி பிறழ்ந்த பிறகும் திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு நின்றது. 2022இல் தண்டனையும் வந்தது. ஒரு கோப்பு ஒரு வழக்கையே தாங்கி நிற்கும் காலம் இது. அதேபோல, ஒரு கோப்பு கசிந்தால் ஒரு குடும்பமே அடுத்த ஊருக்கு ஓட வேண்டிய காலமும் இதுதான்.

அந்தக் கோப்பு இருக்கும் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா, பூட்டியிருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

டிஸ்க்கில் எழுதப்படுவதை ஒரு நீண்ட எண்ணைக் கொண்டு யாருக்கும் புரியாத குப்பையாக மாற்றி வைப்பதுதான் குறியாக்கம். அந்த எண்தான் சாவி. அது இருந்தால் குப்பை மறுபடி கோப்பாகும். இல்லாவிட்டால் குப்பை குப்பைதான். இன்று கிளவுட் டிஸ்க்குகளில் பரவலாக இருக்கும் ஏஇஎஸ் என்ற முறையை உருவாக்கியவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர். உலகறிய நடந்த ஒரு போட்டியில் தேர்வாகி, 2001இல் அமெரிக்க அரசின் தரமாக அது அறிவிக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது எதிரிக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி ஒன்று இரகசியமாக இருந்தால் போதும் என்று கெர்க்காஃப்ஸ் என்ற மொழியறிஞர் 1883இலேயே எழுதிவிட்டார். இந்தத் துறையின் அடிப்படை விதியே அதுதான். அறிவு எல்லாருக்கும் திறந்தே இருக்கட்டும், சாவி மட்டும் உரியவரிடம் இருக்கட்டும் என்கிறது அந்த விதி. அறிவையே பூட்டி வைத்து, கேட்டவன் காதில் ஈயத்தை ஊற்றச் சொன்ன மரபை எதிர்த்து நிற்கும் நமக்கு இதைக் கற்றுக்கொள்வதில் என்ன தயக்கம்?

நடைமுறையில் இரண்டு சாவிகள் உண்டு. டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டுவது தரவுச் சாவி. அந்தத் தரவுச் சாவியையே இன்னொரு சாவியால் பூட்டி, பூட்டிய நிலையில் டிஸ்க்கின் கூடவே வைத்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது சாவியைத் தாய்ச்சாவி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டிஸ்க் இருந்தாலும் காக்க வேண்டியது தாய்ச்சாவி ஒன்றைத்தான். "உங்கள் சாவியை நீங்களே நிர்வகியுங்கள்" என்று கிளவுட் நிறுவனங்கள் விளம்பரம் செய்யும்போது இந்தத் தாய்ச்சாவியைத்தான் சொல்கின்றன.

அது யாரிடம் இருக்கிறது என்பதை வைத்து மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

முதல் நிலையில் பூட்டும் நிறுவனத்துடையது, சாவியும் நிறுவனத்துடையது. கூகுளிலும் மைக்ரோசாஃப்டிலும் எல்லா டிஸ்க்கும் இப்படித் தாமாகவே பூட்டப்படுகின்றன. அமேசானில் புது டிஸ்க்குகள் தாமாகப் பூட்டப்பட வேண்டுமென்றால், அந்த அமைப்பை ஒவ்வொரு பிராந்தியத்திலும் நாம்தான் இயக்கி வைக்க வேண்டும். தரவு மையத்திலிருந்து ஒருவன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனால் இந்தப் பூட்டு காக்கும். அந்த நிறுவனத்தையே ஒருவர் உத்தரவிட்டுத் திறக்கச் சொன்னால் காக்காது.

இரண்டாம் நிலையில் தாய்ச்சாவி நிறுவனத்தின் பெட்டகத்திலேயே இருக்கும். ஆனால் அதன்மீது அதிகாரம் நமக்கு. யார் அதைப் பயன்படுத்தலாம் என்று விதி எழுதுவது நாம். எப்போது, எந்தக் கணக்கிலிருந்து அது பயன்பட்டது என்ற பதிவேட்டை நாம் பார்க்கலாம். நினைத்தபோது முடக்கலாம். இதில் ஒரு பக்கப் பலனும் உண்டு. கிளவுட் டிஸ்க்கின் நகலை ஸ்நாப்ஷாட் என்பார்கள். யாரோ தவறான பொத்தானை அழுத்தி அதை உலகத்துக்கே பொதுவாக்கிவிடும் விபத்துகள் நடந்திருக்கின்றன. அமேசானில் குறியாக்கம் செய்த ஸ்நாப்ஷாட்டைப் பொதுவாக்கவே முடியாது.

மூன்றாம் நிலையில் சாவி நிறுவனத்தின் கைக்குப் போய்த் தங்குவதே இல்லை. கூகுளின் மெய்நிகர் கணினிகளில் நாமே உருவாக்கிய 256 பிட் சாவியைக் கொடுத்து டிஸ்க்கைப் பூட்டும் வசதி வந்தது. அந்தச் சாவியை கூகுள் சேமித்து வைப்பதில்லை. சாவியை வெளியே நம் பெட்டகத்திலேயே வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் 2022இல் கொண்டுவந்தது. இவற்றுக்கெல்லாம் பணமும் ஆளும் வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு எளிய வழி, கோப்பை நம் கணினியிலேயே பூட்டிய பிறகு மேலே ஏற்றுவது. கிரிப்டோமேட்டர், ஆர்குளோன் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. லினக்ஸ் டிஸ்க்கைப் பூட்ட லக்ஸ் இருக்கிறது.

கோயில் ஊருக்குப் பொது என்று சொல்லிவிட்டு, சாவியை மட்டும் ஒரு தெருவில் வைத்திருப்பதன் பொருளை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் நிலையின் பொருளும் அதுதான்.

உத்தரவு யார் வாசலுக்கு வரும்?

2013இல் அமெரிக்காவில் லாவாபிட் என்ற சிறிய மின்னஞ்சல் நிறுவனம் இருந்தது. எட்வர்டு ஸ்னோடென் அதைப் பயன்படுத்தினார். அந்த விசாரணையில் அரசு கேட்டது ஒருவரின் கடிதங்களை மட்டுமல்ல, நிறுவனத்தின் சாவியையே. அந்தச் சாவி எல்லாப் பயனாளர்களின் போக்குவரத்தையும் திறக்கும். உரிமையாளர் முதலில் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் 11 பக்கங்களாக அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தார். நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்த ஆகஸ்டில் நிறுவனத்தையே மூடினார். எல்லாருக்கும் ஒரே சாவி என்றால், ஒருவரைத் தேடி வருபவர் அனைவரின் வீட்டையும் திறந்து பார்க்கலாம் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

2025 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம், சாவியைப் பயனாளரிடம் மட்டும் விட்டுவைக்கும் தன் கூடுதல் பாதுகாப்பு வசதியை பிரிட்டனில் திரும்பப் பெற்றது. உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றுக்கே ஓர் அரசின் அழுத்தத்துக்கு முன் அதுதான் வழி என்றால், மாதம் சில நூறு ரூபாய் கட்டும் நமக்காக ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் நின்று வாதாடும் என்று எதிர்பார்க்கலாமா?

இந்தியச் சட்டத்தைப் பார்ப்போம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, பூட்டிய தகவலைத் திறந்து கொடுக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. ஒத்துழைக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தை வழங்கி ஆணையிட்டது. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, உத்தரவைப் பெறும் நிறுவனம் அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனங்களின் சேமிப்பு எந்த நாட்டில் இருந்தாலும் கேட்டுப் பெறலாம் என்று அமெரிக்கா 2018இல் தனிச் சட்டமே போட்டுக்கொண்டது.

சட்டத்தை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாவி நிறுவனத்திடம் இருந்தால் உத்தரவு நிறுவனத்துக்குப் போகும். நமக்குத் தெரியாமலே டிஸ்க் திறக்கப்படும். சாவி நம்மிடம் இருந்தால் உத்தரவு நம்மிடம் வர வேண்டும். வந்தால் வழக்கறிஞரைக் கூப்பிடலாம். உயர்நீதிமன்றம் போகலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்ன தீர்ப்பை எடுத்து வைக்கலாம். இந்த வழக்குக்குத் தேவையான கோப்பை மட்டும் தருகிறோம், மற்ற சாட்சிகளின் முகவரியைத் தர முடியாது என்று வாதாடலாம். வெல்லலாம், தோற்கலாம், ஆனால் வாதாட ஒரு வாய்ப்பு இருக்கும்.

அரசு மட்டுமே ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். நம் மக்களுக்கு வரும் ஆபத்து அதிகமும் உள்ளூரிலிருந்துதான் வருகிறது. ஆதிக்க சாதிப் பிரமுகரின் மைத்துனன் ஏதோ ஒரு கணினிக் கடையில் வேலை செய்கிறான்; அமைப்பின் பழைய மடிக்கணினி அங்கேதான் பழுதுக்குப் போகிறது; அதில் கிளவுட் கணக்கு திறந்தே கிடக்கிறது. எந்தப் பெரிய சதியும் இல்லாமல் முகவரி இப்படித்தான் கைமாறும்.

எதைக் காக்காது?

சாவி நம்மிடம் இருப்பது எல்லாவற்றையும் காக்கும் என்று சொன்னால் அது பொய். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு டிஸ்க் திறந்தே இருக்கிறது. தரவுச் சாவி நினைவகத்தில் இருக்கிறது. கடவுச்சொல் தெரிந்து உள்ளே நுழைந்தவனுக்கு எந்தப் பூட்டும் தடையில்லை. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினிக்குள் தீநிரல் புகுந்து 22 மாதங்கள் இருந்தது என்றும், அதன் வழியாகவே கோப்புகள் அவருக்குத் தெரியாமல் வைக்கப்பட்டன என்றும் அமெரிக்காவின் ஆர்சனல் என்ற தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை கொடுத்தது. அப்படிப்பட்ட தாக்குதலை டிஸ்க் பூட்டு தடுக்காது. மின்னஞ்சலில் வரும் இணைப்புகளைத் திறக்காத ஒழுக்கமும், இரட்டைச் சரிபார்ப்பும், மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிக்கும் பழக்கமும் தனியே வேண்டும்.

சாவியை மாற்றுவது பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை தாய்ச்சாவி தானாக மாறும் வசதியை இயக்கிவிட்டால் போதும் என்கிறார்கள். அப்படி மாறும்போது டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பது மறுபடி பூட்டப்படுவதில்லை. பழைய சாவியும் பெட்டகத்தில் இருந்துகொண்டே இருக்கும். சாவி கசிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால், புதுச் சாவியில் புது நகல் எடுத்துப் பழையதை அழிப்பதுதான் வழி.

சாவி தொலைந்தால்?

சாவியை நாமே வைத்துக்கொள்வதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். நிறுவனத்திடம் சாவி இருந்தால் கடவுச்சொல் மறந்தவருக்கும் வழி உண்டு. நம்மிடம் மட்டும் இருந்து தொலைந்தால், உடைத்துத் தருகிற பூட்டுக்காரர் உலகில் யாரும் இல்லை. இருபதாண்டு வழக்குகளின் சாட்சியங்கள் ஒரே இரவில் குப்பையாகும். அமேசானில் தாய்ச்சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் வரை காத்திருப்பு வைத்து, அதற்குள் மனம் மாறினால் மீட்க விடுகிறார்கள். நம் வீட்டு மேசை இழுப்பறையில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது.

எனவே இதில் கணினியைவிட அமைப்பு முறைக்குத்தான் வேலை அதிகம். நம் அமைப்புகள் எப்படி நடக்கின்றன என்பது நமக்குத் தெரியும். எல்லாக் கடவுச்சொல்லும் ஒரே தோழரின் தலைக்குள் இருக்கும். அவர் கைதாகலாம், நோயில் விழலாம், இறக்கலாம். அமைப்பு உடையவும் உடையலாம். நம் இயக்கங்கள் உடைந்த வரலாற்றை எழுதினால் தனி நூலாகும். உடைந்த மறுநாள் கொடியும் பெயரும் யாருக்கு என்ற சண்டை நடக்கும்போது, சாட்சிகளின் முகவரிப் பட்டியல் யார் பையில் போகும் என்று யோசித்திருக்கிறோமா?

இதற்குக் கணிதத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. 1979இல் அடி ஷமிர் என்பவர் ஓர் இரகசியத்தைத் துண்டுகளாகப் பகிரும் முறையைக் கண்டுபிடித்தார. சாவியை ஐந்து துண்டாக்கி ஐவரிடம் கொடுக்கலாம். எந்த மூவர் சேர்ந்தாலும் சாவி கிடைக்கும். இருவர் சேர்ந்தால் பாதிச் சாவிகூடக் கிடைக்காது, எதுவுமே கிடைக்காது. ஒருவர் இறந்தாலும், இன்னொருவர் விலகினாலும் சாட்சியம் பிழைக்கும். எந்தத் தலைவரும் தனியாகத் திறக்கவும் முடியாது. அந்த ஐவரைத் தேர்ந்தெடுப்பதுதான் அரசியல் வேலை. ஐவரும் ஒரே ஊராக இருக்கக் கூடாது. ஒரே வழக்கில் கைதாகக்கூடியவர்களாக இருக்கக் கூடாது. ஒருவராவது வழக்கறிஞராக இருக்கட்டும். ஐந்து பேரும் ஆண்களாக இருந்தால், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலத்தை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது மூன்று ஆண்கள் என்றாகிவிடும். அதை அனுமதிக்கக் கூடாது.

அதேபோல, வழக்குக்கு ஒரு சாவி என்று வைப்போம். ஒன்று கசிந்தாலும் மற்றவை நிற்கும். இன்னொரு பயனும் உண்டு. "என் பேச்சை அழித்துவிடுங்கள், என் மகளுக்குத் திருமணம் ஆகிறது" என்று ஒரு சாட்சி வந்து கேட்டால், எத்தனை நகல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். அந்தச் சாவியை அழித்தால், அதனால் பூட்டிய எல்லா நகல்களும் ஒரே நேரத்தில் பயனற்றுப்போகும். நம்மை நம்பிப் பேசியவருக்குத் தன் பேச்சைத் திரும்பப் பெறும் உரிமையைக் கொடுக்கிற தொழில்நுட்பம் இது. நீதிமன்றத்துக்குப் போய்விட்ட ஆதாரத்துக்கு இது பொருந்தாது. அதைப் பாதுகாப்பது சட்டக் கடமை.

அமைப்பைவிட்டு ஒருவர் விலகும்போது செய்ய வேண்டியதும் உண்டு. லக்ஸ் முறையில் ஒரே டிஸ்க்குக்குப் பலர் ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். விலகியவருடையதை மட்டும் நீக்கலாம். ஆனால் அவரிடம் டிஸ்க்கின் தலைப்பகுதியின் பழைய நகல் இருந்தால், அதில் பழைய கடவுச்சொல் வேலை செய்யும். நல்லபடியாக விலகியவர் என்றால் நீக்கினால் போதும். சண்டையில் விலகியவர் என்றால் எல்லாவற்றையும் புதுச் சாவியில் மறுபடி பூட்டுங்கள். இதில் யாரையும் அவமதிக்க ஒன்றுமில்லை. அலுவலகச் சாவியைத் திரும்ப வாங்கினால் யாரும் கோபப்படுவதில்லையே.

மூன்று மறுப்புகள்

"நாம் பகிரங்கமாக இயங்குகிறோம், மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். நம்முடைய அரசியலில் மறைக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது நம் இரகசியம் இல்லை; சேரியில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு நம்மிடம் சொன்னது. அதைத் திறந்து போட நமக்கு உரிமை கிடையாது.

"அதெல்லாம் படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது இரண்டாவது. ஒரு வேலையின் நுட்பம் சிலருக்கு மட்டுமே வரும் என்ற பேச்சை நாம் வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம். அதன் அரசியலும் நமக்குத் தெரியும். சாவியின் துண்டைத் தாளில் அச்சிட்டு உறையில் போட்டு ஒட்டி வைக்க எந்தப் பட்டமும் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு படித்த தோழர் ஒருவர் தன் ஒன்றியத்தின் ஆவணங்களை ஓராண்டாகப் பூட்டித் திறந்து வருகிறார். அவருக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு இரண்டு மாலைகள்தான் ஆயின.

"எல்லாவற்றையும் பூட்டினால் வேலை ஓடாது" என்பது மூன்றாவது. இது நியாயமான பேச்சு. எல்லாவற்றையும் பூட்ட வேண்டாம். சுவரொட்டி, அறிக்கை, கூட்டப் புகைப்படம் ஆகியவற்றுக்கு முதல் நிலையே போதும். உறுப்பினர் பட்டியலும் நன்கொடைக் கணக்கும் குறைந்தது இரண்டாம் நிலைக்குப் போக வேண்டும். சாட்சியம், முகவரி, மருத்துவ ஆவணம், குழந்தைகள் பற்றிய எதுவும் மூன்றாம் நிலையில்தான் இருக்க வேண்டும். மின்னணுச் சான்றாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வீடியோவைப் பூட்டுவதற்கு முன் அதன் ஹாஷ் எண்ணைக் குறித்து வையுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் அந்த எண்ணைக் கேட்கிறது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். நம் கோப்புகள் எந்தெந்தக் கணக்கில் இருக்கின்றன, அந்தக் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன, தாய்ச்சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சாவி ஏற்கும் ஐவரைப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதுபோலவே தேர்ந்தெடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூவர் உட்கார்ந்து, ஒரு பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத சாவி சாவியாகாது. அதை வழக்கு விசாரணைக்கு முந்தைய இரவில் தெரிந்துகொள்ளக் கூடாது.

பஞ்சமி நிலம் பறிபோன கதையில் ஆவணம் தாலுகா அலுவலகத்தில் இருந்தது, அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் வேறு கையில் இருந்தது. நிலம் யாருடையது என்று எழுதியிருந்தும் உழைத்தவருக்கு அது உதவவில்லை. இன்று நம் மக்களின் வாக்குமூலங்களை நாம் திரட்டுகிறோம், நாம் எழுதுகிறோம், நாம் சேமிக்கிறோம். அவற்றைத் திறக்கும் அதிகாரத்தை மட்டும் தெரியாத கையில் விட்டு வைத்தால், நம்மிடம் பேசியவர்களுக்கு நாம் பொறுப்பானவர்கள் ஆக மாட்டோம்.